தம்பூரா மீட்டியவரா பாடினார்?

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன். 2025 டிசம்பரில் சிற்பியும் ஓவியருமான நெனா கலுவுக்கு பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசு கொடுத்தது கலைக்கு இழைத்த அநீதி என்று நிறுவ அவர் ஆறு பக்கம் எடுத்துக்கொண்டிருக்கிறார். கலுவின் ஆட்டிசம் பற்றி ஒரு பக்கம். அவருக்குப் பேச்சு மிகக் குறைவு என்பது பற்றி ஒரு பக்கம். அவரோடு இருந்து உதவும் பெண்மணி பற்றி ஒன்றரைப் பக்கம். மேற்கத்திய நாடுகளின் குற்றவுணர்ச்சி பற்றி இரண்டு பக்கம். மீதி அரைப் பக்கம் பெருமூச்சு. கலு செய்த சிற்பம் பார்க்க எப்படி இருக்கும் என்று சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு அடிக்கோடு போடலாம் என்று தேடினேன். அகப்படவில்லை. நிறம் இல்லை, அளவு இல்லை, எதனால் செய்தது என்ற தகவல்கூட இல்லை. இலையில் கை வைக்காமலேயே சாம்பாரில் உப்பில்லை என்று எழுந்துபோன விருந்தாளியை இப்போதுதான் பார்க்கிறேன்.

அவருடைய குற்றச்சாட்டு என்ன? நடுவர்கள் கலையைப் பார்க்கவில்லை, ஊனத்தைப் பார்த்துப் பரிசு கொடுத்தார்கள் என்பது. ஆறு பக்கமும் ஊனத்தை மட்டுமே பார்த்து எழுதியவர் யார் என்பதை வாசகர்கள் பக்கம் எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அவர் விட்ட வேலையை முதலில் செய்துவிடுகிறேன். நானும் பிராட்ஃபோர்டுக்குப் போனவன் இல்லை. அங்கே கார்ட்ரைட் ஹாலில் நடந்த டர்னர் கண்காட்சியைப் புகைப்படங்களிலும் காணொளிகளிலும்தான் பார்த்தேன். அதற்கே கண் போதவில்லை. துணி, கயிறு, பொட்டலம் ஒட்டும் நாடா, சமையலறையில் மிச்சச் சாப்பாட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள், பழைய வீடியோ கேசட்டின் உள்ளே ஓடும் கறுப்பு நாடா (நம் வீட்டுக் கல்யாண வீடியோக்கள் சுருண்டு கிடக்குமே, அதே நாடாதான்) இவற்றையெல்லாம் கட்டி, முறுக்கி, முடிச்சுப் போட்டு, மறுபடி மேலே சுற்றி, ஆளை விழுங்கும் அளவுக்குப் பெருக்கித் தொங்கவிடுகிறார் கலு. தூரத்தில் தேனடை மாதிரி இருக்கும். நெருங்கினால் ஜவுளிக்கடை மூட்டை அவிழ்ந்துகொண்டது போலத் தோன்றும். இன்னும் நெருங்கினால் எந்தச் சுற்று எதற்கு அடியில் போய் எங்கே வெளியே வருகிறது என்று கண் தானாகத் தொடர ஆரம்பித்துவிடும். 2024-இல் பார்சிலோனாவில் நடந்த பதினைந்தாவது மனிஃபெஸ்டா கலைவிழாவில், ஓய்ந்துபோன ஓர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் நிறக் கான்கிரீட் தூண்களுக்கு நடுவே இப்படிப் பத்தைத் தொங்கவிட்டார். அத்தனை பெரிய கட்டடத்தில் எந்த நிறம் எடுபடும், எவ்வளவு பருமன் வேண்டும், எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று தெரிந்தவர் செய்த வேலை அது. டர்னர் நடுவர்கள் சொன்ன காரணங்களும் இவைதாம்: அளவு, அமைப்பு, நிறம் ஆகியவற்றின் மேல் அவருக்கு இருக்கும் பிடி. அந்த மூன்று சொற்களையும் நண்பர் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறார்.

அடுத்து, ஓவியங்கள். சுழல் சுழலாகக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, தாளே சூடேறிவிட்டதோ என்று தோன்றும் வரை. கை எட்டும் தூரம்தான் கோட்டின் எல்லை. உடம்பு முழுவதும் ஆடினால்தான் அந்த வளைவு வரும். இந்த ஓவியங்களை கலு பெரும்பாலும் ஒற்றைத் தாளாக வரைவதில்லை. இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிலசமயம் மூன்று, ஒன்றில் போட்ட வீச்சை மற்றதிலும் போட்டுக்கொண்டே போகிறார். முடியும்போது இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். ஒரே சாடை, ஆனால் ஒன்று மற்றொன்று இல்லை.

இந்த இடத்தில் நண்பரின் மிக வலுவான வாதத்தை எடுத்துக்கொள்வோம். நோக்கம் இல்லாத இடத்தில் கலை இல்லை, தன் படைப்பை விளக்க முடியாதவருக்கு நோக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது, ஆகவே இது கிறுக்கல். பார்த்தால் தர்க்கம் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தற்செயலாகக் கை வழுக்கி விழுந்த கோட்டை பக்கத்துத் தாளில் அதே வளைவோடு, அதே அழுத்தத்தோடு திரும்பப் போட முடியுமா? நண்பர் வீட்டிலேயே முயன்று பார்க்கலாம். கண்ணை மூடி ஒரு கிறுக்கல். பிறகு கண்ணைத் திறந்து அதே கிறுக்கல் இன்னொரு தாளில். ஐந்தாவது வளைவில் தெரிந்துவிடும். திரும்ப வருகிறது என்றால் தெரிந்து செய்தது என்று பொருள். வார்த்தையில் விளக்கம் கேட்டவருக்குத் தாளிலேயே விளக்கம் கிடைத்திருக்கிறது, இரண்டு பிரதியாக.

இதே நண்பர் முன்னொரு சமயம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி உருகி உருகி எழுதியவர். அவற்றை வார்த்த கைகள் யாருடையவை என்றே பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அவர்கள் தங்கள் நோக்கத்தை விளக்கி ஒரு ஓலை நறுக்குகூட விட்டுப்போகவில்லை. அன்றைக்கு நண்பர் அவர்களிடம் வாக்குமூலம் கேட்கவில்லை. நடராசரின் தூக்கிய பாதமே போதுமென்றிருந்தது.

சரி, உதவியாளர் விவகாரத்துக்கு வருவோம். நண்பர் ரத்தம் கொதிக்க எழுதியிருப்பது இங்கேதான். ஆக்‌ஷன்ஸ்பேஸ் என்ற, அறிவுசார் குறைபாடுள்ள கலைஞர்களுக்குக் கலைக்கூடம் நடத்தும் லண்டன் அமைப்பின் ஷார்லட் ஹாலின்ஸ்ஹெட் 1999-லிருந்து கலுவோடு வேலை செய்து வருகிறார். பரிசளிப்பு மேடையில் கலுவின் சார்பில் பேசியவரும் அவர்தான். ஆகவே உண்மையான கலைஞர் ஹாலின்ஸ்ஹெட், கலு வெறும் கை என்பது நண்பரின் முடிவு.

கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் ஒருவர் தம்பூராவை மீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாகசுரக் கோஷ்டியில் ஒத்துக்காரர் ஒருவர் கன்னம் உப்ப ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பார். அவர்கள் இல்லாவிட்டால் கச்சேரி கந்தல்தான். ஆனாலும் தோடியை விரித்தது தம்பூராக்காரர் என்று இதுவரை எந்த சபா செயலாளரும் சொன்னதில்லை. இத்தகைய கலைக்கூடத்தில் உதவியாளர் செய்கிற வேலை ஏறத்தாழ அதுதான். பொருள்களைக் கை எட்டும் தூரத்தில் வைப்பது, எதை எடுக்கிறார் எதைத் தள்ளுகிறார் என்று கவனித்து அடுத்த வாரம் அதற்கேற்ப வாங்கி வைப்பது, அருங்காட்சியகத்துக்காரர்களோடு கடிதப் போக்குவரத்து, போகவர வண்டி, காப்பீடு, ஏணி. இருபத்தாறு வருஷம் ஒரு மனுஷியின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவர் வாய் திறக்காமலேயே பல விஷயங்கள் தெரிந்துவிடும். நம் வீடுகளில் பாட்டிமார்களுக்குத் தெரிந்த கலை இது.

மேற்கத்திய உதாரணம்தான் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. 1941-இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓவியர் மத்தீஸ் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும்தான் இருந்தார். தாள்களுக்கு வண்ணம் பூசியவர்கள் உதவியாளர்கள். அவர் வெட்டிய துண்டுகளைச் சுவரில் ஏற்றி, இறக்கி, நகர்த்தி, ஊசி குத்தியவர்களும் அவர்களே. அந்தக் கத்தரிப்பு ஓவியங்களை மத்தீஸினுடையவை இல்லை என்று சொல்ல நண்பருக்குத் துணிவு வருமா? டேமியன் ஹர்ஸ்டின் புள்ளி ஓவியங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் அவர் தூரிகையே படவில்லை. அதை அவர் ஒளித்ததும் இல்லை. அவருக்கு இதே டர்னர் பரிசு 1995-இல் கிடைத்தது. 2001-இல் மார்ட்டின் கிரீட் காலி அறையில் விளக்கு எரிந்து எரிந்து அணைவதைக் காட்டிப் பரிசு வாங்கினார். பலரும் திட்டினார்கள், சிரித்தார்கள். மின்சார வேலை செய்தவர்தான் அசல் கலைஞர் என்று மட்டும் யாரும் வழக்குப் போடவில்லை.

வழக்கு நடந்த இடம் ஒன்று உண்டு. அது வேறு கதை. முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கிப்போன ஓவியர் ரெனுவார் 1913 முதல் செய்ததாகச் சொல்லப்படும் சிற்பங்களைக் களிமண்ணில் உருவாக்கியவை ரிஷார் கினோ என்ற இளைஞரின் கைகள். ரெனுவார் சொல்வார், கினோ பிசைவார். சிற்பங்கள் ரெனுவார் பெயரில் விலைபோயின. பிரெஞ்சு நீதிமன்றங்கள் கினோவை இணைப் படைப்பாளி என்று ஏற்றுக்கொண்டு முடிக்க 1973 ஆயிற்று. உதவியாளரே படைப்பாளியாக இருந்தால் அது எப்படியிருக்கும் என்பதற்கு இதுதான் சான்று: ஒருவர் வாயால் சொல்லியிருப்பார், இன்னொருவர் கையால் செய்திருப்பார். கலுவின் விஷயத்தில் இது தலைகீழ். அங்கே பேசுகிறவர் செய்யவில்லை, செய்கிறவர் பேசவில்லை. நண்பரோ வாய் இருக்கும் பக்கமே பட்டயத்தை எழுதிவைக்கிறார். ரெனுவார் காலத்து வியாபாரிகள் செய்ததும் அதே தவறுதான்.

உதவியாளர்கள்தான் செய்கிறார்கள் என்ற சந்தேகத்தை ஜூடித் ஸ்காட்டின் கதை முன்னால் வைத்துப் பார்க்கலாம். கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டிய கதை.

ஜூடித் 1943-இல் ஒஹையோவில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தார். அவருக்கு டவுன் சின்ட்ரோம். சகோதரி ஜாய்ஸுக்கு அது இல்லை. ஏழு வயதில் ஜூடித்தை அரசு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். பேச்சை வைத்து நடத்திய சோதனைகளில் தோற்றதால் கல்வி கற்கத் தகுதியற்றவர் என்று முத்திரை விழுந்தது. அவருக்குக் காது கேட்காது என்பது யாருக்கும் தெரியவில்லை. கேள்வியே காதில் விழாத பெண்ணிடம் கேள்வி கேட்டு, பதில் இல்லை என்று சான்றிதழ் எழுதினார்கள். முப்பத்தைந்து வருஷம் அந்தச் சான்றிதழ் அவருக்குச் சுவராக நின்றது. விளக்க முடியாதவருக்கு நோக்கம் இல்லை என்று இன்று எழுதுகிற நண்பர், அன்று அந்தச் சோதனை அறையில் மேசைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஜாய்ஸ் சட்டப்படி காப்பாளராகி அக்காவை, இல்லை, தங்கையை (இரட்டையரில் யார் மூத்தவர் என்று எனக்கு எப்போதும் குழப்பம்) கலிபோர்னியாவுக்கு அழைத்துவந்தார். 1987 ஏப்ரலில் ஓக்லண்டில் இருக்கும் கிரியேட்டிவ் குரோத் கலைக்கூடத்தில் சேர்த்தார். அடுத்து நடந்தது ஒன்றுமே இல்லை. ஏறத்தாழ இரண்டு வருஷம் ஜூடித் தாளில் வட்டமும் வளையமுமாக ஏதோ போட்டார், ஆர்வமில்லாமல். அங்கிருந்தவர்கள் அவரை விட்டுவிட்டார்கள். அதாவது, அவர் போக்கில் விட்டுவிட்டார்கள். பிறகு சில்வியா செவன்ட்டி என்ற நூலிழைக் கலைஞர் வகுப்பெடுக்க வந்தார். அந்த வகுப்பில் கற்றுக்கொடுத்ததை ஜூடித் செய்யவில்லை. கையில் கிடைத்த பொருளை எடுத்து நூலால் சுற்ற ஆரம்பித்தார். சுற்றினார், முடிந்தார், இழுத்துக் கட்டினார். வாரக்கணக்கில், சிலது மாதக்கணக்கில். 2005-இல் சாகும்வரை நிறுத்தவில்லை. ஏறத்தாழ 200 சிற்பங்கள்.

ஒருநாள் நூல் கிடைக்கவில்லை. கைதுடைக்கும் காகிதத்தை எடுத்துக் கிழித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு, வெள்ளையாகவே ஒன்றைச் செய்துவிட்டார். அவருடைய சிற்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நிறத்தை வைத்து மயக்குகிறார் என்று யாராவது சொல்லியிருந்தால் அதற்குப் பதில் போல இருக்கும்.

இப்போது நண்பரின் வாதத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். உதவியாளர்கள்தான் கலையைச் செய்கிறார்கள் என்றால், அந்த இரண்டு வருஷம் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மூன்றாவது வாரமே ஒரு சிற்பத்தைச் செய்து ஜூடித் பெயரை ஒட்டியிருக்கலாமே? ஆசிரியைதான் செய்தார் என்றால் மாணவி ஏன் பாடத்துக்கு விரோதமாகப் போனார்? மோசடிக்காரர்களுக்கு இத்தனை பொறுமை கிடையாது. அந்த வெற்று இரண்டு வருஷம்தான் அந்தக் கலைக்கூடத்தின் நேர்மைக்கு என்னைப் பொறுத்தவரை பெரிய சாட்சி.

இத்தகைய கலைக்கூடங்களை நண்பர் சிகிச்சை மையம் என்றும் தர்ம காரியம் என்றும் மாறி மாறிச் சொல்கிறார். இரண்டும் பொருந்தாது. அறுபதுகளின் இறுதியிலிருந்து கலிபோர்னியாவில் பெரிய அரசு மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் ஆட்களை வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். 1969-இல் வந்த லாண்டர்மன் சட்டம் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சமூகத்துக்குள்ளேயே சேவை தர வழிசெய்தது. வெளியே வந்தவர்கள் பகல் முழுக்க என்ன செய்வது? ஃபுளோரன்ஸ் லூடின்ஸ்-காட்ஸ் என்ற ஓவிய ஆசிரியையும் அவர் கணவர் எலியாஸ் காட்ஸ் என்ற உளவியலாளரும் 1974-இல் தங்கள் வீட்டு கார் ஷெட்டில் மேசை போட்டார்கள். அதுதான் கிரியேட்டிவ் குரோத். பின்னால் ஓக்லண்டில் ஒரு பழைய கார் மெக்கானிக் பட்டறைக்குக் குடிபோனது. மேசையில் வண்ணம் வைத்தார்கள், பக்கத்தில் வேலை செய்யும் ஓவியர்களை வைத்தார்கள், மருத்துவரை வைக்கவில்லை. கூடத்தை ஒட்டி விற்பனைக்கான காட்சியறை வைத்தார்கள். எண்பதுகளில் அதே தம்பதி ரிச்மண்டில் ஒன்றும் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒன்றுமாக இன்னும் இரண்டைத் தொடங்கினார்கள். 1978-இல் ஓக்லண்டுக்கு வந்த டுவைட் மாக்கின்டாஷ் அதற்கு முன் 56 வருஷம் விடுதிகளில் கழித்தவர். வயது 72. தொண்ணூறைத் தாண்டியும் வரைந்தார். எழுபத்திரண்டு வயதுக்காரருக்கு எந்த நோயைக் குணப்படுத்த இந்தச் சிகிச்சை என்று நண்பர் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

ரிச்மண்ட் கூடத்திலிருந்து வந்தவர் மார்லன் மல்லன். அவரும் பேச்சு குறைந்தவர்தான். கலைப் பத்திரிகைகளின் அட்டைகளைப் பார்த்து வரைகிறார். எழுத்துகள் நழுவும், சில காணாமல் போகும், பத்திரிகையின் பெயரே கெட்டியான வண்ணத் திட்டாக மாறி நிற்கும். கலையைப் பற்றி ஓயாமல் பேசும் பத்திரிகைகளை, பேசாத ஒருவர் வெறும் நிறமும் வடிவமுமாக ஆக்கிவிடுகிறார். 2024 டிசம்பரில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. அதே 2024-இல் சான் ஃபிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் கிரியேட்டிவ் குரோத்தின் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடியது. வாழ்த்துப் பத்திரம் வாசித்துவிட்டுப் போகவில்லை, நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளைத் தன் சேகரிப்புக்கு எடுத்துக்கொண்டது.

நண்பரின் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இதில் மட்டும் அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு சிறப்புப் பள்ளியின் ஆண்டு விழா ஓவியப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். அச்சடித்த கிளி, வண்ணம் தீட்ட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்குப் பக்கத்திலும் ஓர் ஆசிரியை, பிள்ளையின் கையைத் தன் கைக்குள் வைத்து, கோட்டைத் தாண்டாமல் தீட்டிக்கொண்டிருந்தார். முப்பது கிளி. முப்பதும் ஒரே பச்சை, மூக்கு ஒரே சிவப்பு. ஒரு பையன் மட்டும் கையை உருவிக்கொண்டு தாளின் ஓரத்தில் ஊதாவில் ஏதோ போட்டான். ஆசிரியை அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதுக் கிளி வைத்தார். போட்டி உண்மையில் ஆசிரியைகளுக்குள் நடந்தது. நானும் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று அறிவித்துவிட்டு, போண்டா சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஊதாத் தாள் எங்கே என்று கேட்கவில்லை.

நெல்லில் விரலைப் பிடித்து எழுதவைத்தே படிப்பைத் தொடங்குகிற ஊர் நம்முடையது. கையைப் பிடிப்பது நமக்கு அன்பு. ஐந்து வயதில் அது அன்புதான், முப்பது வயதிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அதற்கு வேறு பெயர். பள்ளி முடிந்தால் நம்மிடம் இருப்பது தொழிற்பயிற்சிக் கூடம்: பேப்பர் பை, மெழுகுவர்த்தி, பினாயில், தீபாவளிக்கு அகல் விளக்குக்கு வண்ணம். கெட்ட வேலை என்று சொல்லவரவில்லை. ஆனால் எந்தப் பையும் யாருடைய பை என்று கேட்க முடியாத வேலை. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கலைஞர்களாகவும் எழுத்தாளர்களாகவும் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதியும் ஆதரவும் அரசு தர வேண்டும் என்கிறது. நல்ல பிரிவு. படித்திருக்கிறோம்.

ஆக, கையைப் பிடித்துச் செய்யும் இந்த மோசடியை நண்பரும் எங்காவது பார்த்திருப்பார், பார்த்தது இங்கே. அந்தச் சந்தேகத்தை மூட்டை கட்டிக்கொண்டு போய், கையைப் பிடிக்கக் கூடாது என்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் வீட்டு வாசலில் அவிழ்த்துவிட்டார். திருட்டு நடந்த வீடு ஒன்று, போலீஸ் போன வீடு இன்னொன்று.

அனுதாபம் என்ற சொல் அவர் கட்டுரையில் பதினோரு இடத்தில் வருகிறது. டர்னர் பரிசு தொடங்கியது 1984-இல். அறிவுசார் குறைபாடுள்ள ஒரு கலைஞருக்கு அது முதல்முறையாகப் போனது 2025-இல். நாற்பத்தொரு வருஷம். கலுவுக்கு ஹாலின்ஸ்ஹெட்டின் துணை கிடைத்ததிலிருந்து எண்ணினால் இருபத்தாறு. இவ்வளவு சாவகாசமாக நடந்துவரும் அனுதாபத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வருஷங்களில் பெரும்பகுதி பெரிய காட்சியறைகள் கலுவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதும் அவருக்கு ஆட்டிசம் இருந்தது. குறைபாடுதான் கதவைத் திறக்கும் சாவி என்றால் சாவி அவர் கையிலேயே இருந்திருக்கிறது, கதவு ஏன் திறக்கவில்லை?

நண்பர் உண்மையிலேயே சண்டை போட விரும்பியிருந்தால் அதற்கு நல்ல இடங்கள் இருந்தன. அவற்றை அவர் தொடவே இல்லை.

உதாரணமாக, பணம். கலைக்கூடங்கள் இவர்களைச் சுரண்டுகின்றன என்று ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். கிரியேட்டிவ் குரோத்தில் விற்கும் படைப்பின் விலையில் பாதி கலைஞருக்கு. வணிகக் காட்சியறைகளிலும் பாதிப் பங்குதான் வழக்கம், அங்கே வண்ணமும் மேசையும் இனாமாகக் கிடைக்காது. கோபப்பட வேண்டிய இடம் வேறு. அமெரிக்காவில் ஏழை மாற்றுத்திறனாளிகளுக்கான எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை பெறும் தனிநபர் கையில் 2,000 டாலருக்கு மேல் சேர்ந்தால் உதவி நின்றுபோகும். அந்த வரம்பு 1989-லிருந்து நகரவில்லை. ஒரு பெரிய ஓவியம் விற்றால் கலைஞர் அன்று மாலையே ஆபத்தில் நிற்கிறார். 2014-இல் வந்த ஏபிள் சட்டம் தனிச் சேமிப்புக் கணக்கு என்று ஒரு சின்ன ஜன்னலைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். பிரிட்டனில் வருமானம் பார்த்துத் தரும் உதவிகளுக்குச் சேமிப்பு வரம்பு 16,000 பவுண்டு. டர்னர் பரிசுத் தொகை 25,000 பவுண்டு. கலுவுக்கு என்ன ஏற்பாடு என்பது அவர் சொந்த விஷயம், எனக்கும் உங்களுக்கும் தேவையில்லை. ஆனால் பரிசு வாங்கினால் ஏழையாக இருக்கும் உரிமையை இழப்பாய் என்று சொல்லும் ஒரு விதியைப் பற்றி ஆறு பக்கம் எழுதலாம். படிக்க நான் தயார்.

அல்லது சம்மதம். கையெழுத்துப் போடத் தெரியாத கலைஞரின் படைப்பை விற்க யார் ஒப்புக்கொள்வது? எதை விற்கலாம், எதைக் கூடாது என்று அவர் எப்படிச் சொல்வார்? நம் நாட்டில் 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பெற்றோர் காப்பாளராகலாம். அப்படி ஆனபின் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கும் பழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது? நேர்மையான கலைக்கூடங்கள் தினம் தினம் தடுமாறும் கேள்வி இது. சுத்தமான பதில் யாரிடமும் இல்லை. நண்பருக்கு இது கண்ணில் படவில்லை. கேள்வி கேட்க வேண்டுமென்றால் எதிரில் இருப்பவரை முதலில் ஆளாக எண்ண வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தில் அவருக்குப் பாதி மார்க் கொடுக்கிறேன். கலைஞரின் நோய்க்குறிப்பை முன்னால் நீட்டி, படைப்பைப் பின்னால் தள்ளும் வழக்கம் உண்மையிலேயே இருக்கிறது. நாற்பதுகளில் பிரெஞ்சு ஓவியர் தூபுஃபே ‘கச்சாக் கலை’ என்று ஒன்றைத் தேடிக் கிளம்பியதிலிருந்து, படிப்பும் நாகரிகமும் தீண்டாத அபூர்வ ஆத்மாக்கள் என்று இவர்களைக் கொண்டாடும் ஒரு கூட்டம் உண்டு. ஜூடித்தின் நூல் சுற்றிய சிற்பங்களையெல்லாம் பிரிந்துபோன இரட்டைச் சகோதரிக்கான ஏக்கம் என்று விளக்கிக் கண்ணீர் விட்டவர்கள் ஏராளம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நானே மேலே அவர் பிறந்த வருஷத்திலிருந்துதான் ஆரம்பித்தேன், சிற்பத்துக்கு வர ஒரு பத்தி ஆயிற்று. குற்றம் எனக்கும் உண்டு. ஆனால் இந்தப் பக்திமான்களுக்கும் நண்பருக்கும் நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. அவர்கள் குறைபாட்டைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள், இவர் பார்த்து மூக்கைப் பொத்துகிறார். சிற்பம் இரண்டு பேருக்கும் நடுவில் தன்பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கட்டுரையின் கடைசி வரியில் நண்பர் ஒரு கேள்வி கேட்டிருந்தார், வாசகரை மடக்கிவிட்ட தோரணையில்: இதை உங்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டுவீர்களா?

சிற்பத்தை மாட்டமாட்டேன். நான் இருப்பது வாடகை வீடு, கூரை ஒன்பதரை அடி, ஃபேன் கொக்கி ஒன்றுதான் இருக்கிறது. ஓவியத்தை மாட்டலாம் என்று சுவரை அளந்து பார்த்தேன். ஒன்றுக்கு இடம் இருக்கிறது. ஆனால் அவர் இரண்டாக அல்லவா வரைந்திருக்கிறார்.